கேளுங்கள், ஓட்டிப் பார்ப்போம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு நிரலாக்க மொழியைப் படிக்க முடியுமா, முடியுமென்றால் எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை? ஆகவே இம்முறை முழுப் பக்கமும் அதற்கே. பழைய லப்டொப்பின் பற்றரி, தொலைந்துபோன பாஸ்வேர்ட் எல்லாம் அடுத்த இதழுக்கு. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் சாதாரண தரத்தில் ஐசிடி பாடம் எடுத்து பாஸ்கல் என்ற நிரலாக்க மொழி படித்தவன். இப்போது கல்முனையில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். பைத்தன் மொழி தெரிந்தால் கடைக் கணக்கைச் சுருக்காகச் செய்யலாம் என்று 600 பக்கத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். மூன்று தரம் தொடங்கி, மூன்று தரமும் 6ஆம் அத்தியாயத்தில், ஃபங்ஷன் வருகிற இடத்தில், நின்றுவிட்டேன். வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது. புத்தகத்தை மூடினால் ஒரு வரி எழுத ஒண்ணாது. எனக்கு மூளை போதாதா, புத்தகம் சரியில்லையா? (பெரியகல்லாறு)

பதில்: இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன தம்பி. நீங்கள் செய்கிற ஒரே பிழை, ஒவ்வொரு தரமும் 1ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்குவது. முதல் ஐந்து அத்தியாயத்தை மூன்று தரம் வாசித்திருக்கிறீர்கள், அதனால் அவை பழகின முகமாகிவிட்டன. பழகின முகத்தைப் பார்த்தால் தெரிந்த ஆள் என்றுதான் மனம் சொல்லும், பெயரைக் கேட்டால்தான் முழிப்போம்.

நான் ஒரு வழி சொல்கிறேன், இந்தப் பக்கம் முழுக்க அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், அலுத்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தில் ஒரு செய்நிரல் (புரோகிராம்) வந்தால், அதைக் கணினியில் ஓட்டுவதற்கு முன் இது என்ன அச்சிடும் என்று பென்சிலால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். புத்தகம் விடையைக் கீழேயே போட்டிருந்தால் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மறுகா ஓட்டுங்கள். நீங்கள் எழுதியதும் திரையில் வந்ததும் ஒன்றென்றால் அடுத்த பக்கம். வேறென்றால் அந்த இடத்தில் நின்று ஏன் என்று பாருங்கள், அன்றைய பாடம் அதுதான்.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று எடுப்போம். இரண்டு வட்டையிலிருந்து நெல் வந்திருக்கிறது, ஒன்றில் 40 மூடை, மற்றதில் 25. இரண்டு எண்ணையும் விசைப்பலகையில் கேட்டு வாங்கி, கூட்டி அச்சிடும் செய்நிரலை எழுதுகிறீர்கள். பைத்தனில் இன்புட் என்று கேட்டு முதல் எண்ணை ஒரு மாறியில், அதாவது பெயர் வைத்த ஒரு பெட்டியில், போடுகிறீர்கள், அதேபோல இரண்டாவதை, பிறகு இரண்டுக்கும் நடுவே கூட்டல் குறி வைத்து பிரின்ட். பென்சிலால் 65 என்று எழுதியிருப்பீர்கள். திரையில் 4025 வரும்.

இரண்டு வட்டையில் 4025 மூடை விளைந்தால் வயற்சொந்தக்காரரான போடியாருக்குச் சந்தோஷம்தான். ஆனால் நடந்தது என்னவென்றால், பைத்தனில் இன்புட் எதைக் கொடுத்தாலும் எழுத்துச் சரமாகவே வாங்கும். "40" என்ற எழுத்தோடு "25" என்ற எழுத்தை ஒட்டிவிட்டது. பாஸ்கல் படித்த உங்களுக்கு இது குறிப்பாகத் தடக்கும். அங்கே மாறியை இன்டீஜர் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவீர்கள், அதனால் வாசிக்கும்போதே எண்ணாக வந்து உட்கார்ந்துவிடும். பைத்தன் உங்களிடம் அப்படி எதையும் கேட்பதில்லை, ஆகவே எண்ணாக மாற்றுகிற வேலை உங்கள் தலையில். இன்ட் என்ற சொல்லால் இன்புட்டைச் சுற்றிவிட்டால் 65 வரும். வந்ததும் விட்டுவிடாதீர்கள். 40 என்று கொடுத்த இடத்தில் 40.5 கொடுத்துப் பாருங்கள், நாற்பது என்று எழுத்தில் கொடுத்துப் பாருங்கள், ஒன்றும் கொடுக்காமல் என்டர் தட்டிப் பாருங்கள். மூன்றிலும் சிவப்பாகப் பிழைச்செய்தி வரும். அதைக் கீழேயிருந்து மேலே வாசிக்கவேண்டும். கடைசி வரியில்தான் என்ன பிழை என்று இருக்கும், அதற்கு மேலே எந்த வரியில் என்று இருக்கும். இந்த ஒரு சின்னச் செய்நிரலில் அரை மணி நேரம் செலவழித்தவருக்கு, 20 பக்கம் வாசித்து முடித்தவரை விடக் கூடத் தெரியும். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, 6ஆம் அத்தியாயம். ஒரு வேலைக்கான வரிகளைச் சேர்த்து ஒரு பெயர் வைத்து, வேண்டும்போது அந்தப் பெயரால் கூப்பிடுவதுதான் ஃபங்ஷன். ஃபங்ஷனில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே கல்லில்தான் தடக்கி விழுகிறார்கள், பிரின்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள வித்தியாசம். தம்பியைக் கடைக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு தம்பி கடை வாசலில் நின்று "சீனி கிடைச்சிட்டு" என்று கத்திவிட்டு வெறுங்கையோடு வருகிறான், ஊருக்கே கேட்டது, உங்கள் தேத்தண்ணிக்கு சீனி இல்லை. மற்றவன் ஒன்றும் பேசாமல் சீனியைக் கொண்டுவந்து கையில் தருகிறான். முதலாமவன் பிரின்ட், இரண்டாமவன் ரிட்டர்ன். விலைக் கழிவு கணக்கிடும் ஒரு ஃபங்ஷனை எழுதி உள்ளே பிரின்ட் மட்டும் போட்டுவிட்டு, அதன் விடையை ஒரு மாறியில் வாங்கி அந்த மாறியை அச்சிட்டுப் பாருங்கள். முதலில் தொகை வரும், அடுத்த வரியில் "நன்" (None) என்று ஒன்று வரும். கையில் ஒன்றும் தரப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். இது ஏன் வந்தது என்று உங்கள் வாயால் இன்னொருவருக்குச் சொல்ல முடிந்தால் 6ஆம் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

நான்காவது தரம் தொடங்கும்போது 1ஆம் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். 4ஆம், 5ஆம் அத்தியாயப் பயிற்சிகளை மட்டும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செய்யுங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். கடையில் தினமும் எழுதுகிற ஒரு உண்மையான கணக்கை, அன்றைய கடன் பட்டியலோ என்னவோ, இரண்டு கிழமைக்குள் பைத்தனில் செய்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்திலுள்ள அமெரிக்கப் பீட்சா உதாரணங்கள் எவ்வளவு செய்தாலும் நமக்கு ஒட்டாது.

கேள்வி: காக்கா (அண்ணன்) கொழும்பில் படிக்கும்போது பாவித்த பைத்தன் புத்தகத்தைத் தந்தார். முதலாவது செய்நிரலே பிழை காட்டுகிறது. புத்தகத்தில் இருப்பதை அச்சு அசலாக அடித்தேன், நான்கு தரம் பார்த்துவிட்டேன், ஒரு எழுத்தும் மாறவில்லை. புத்தகமே பிழையா? (சம்மாந்துறை, உயர்தர மாணவி)

பதில்: தங்கச்சி, அட்டையைத் திருப்பி, பதிப்பு விபரம் இருக்கும் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். அநேகமாக 2010க்குக் கிட்டவோ அதற்கு முன்னரோ இருக்கும். உங்கள் புத்தகம் பைத்தன் 2க்கு எழுதியது, உங்கள் கணினியில் இருப்பது பைத்தன் 3. மூன்றாவது 2008 டிசம்பரிலேயே வந்துவிட்டது, இரண்டாவதுக்கான பராமரிப்பு 2020 ஜனவரி 1 உடன் நின்றது. இடையில் பத்து வருடத்துக்கு மேல் இரண்டும் சேர்ந்தே புழங்கியதால்தான் பழைய புத்தகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

பிரின்ட்டுக்குப் பிறகு அடைப்புக்குறி போடுங்கள், முதல் பிழை போய்விடும். ரா இன்புட் என்று வருகிற இடமெல்லாம் வெறும் இன்புட். இவை சத்தம் போட்டு உடைகிற பிழைகள், பயமில்லை. பயப்படவேண்டியது சத்தமில்லாமல் மாறியதற்கு. 7ஐ 2ஆல் வகுத்தால் உங்கள் புத்தகம் 3 என்று சொல்லும், உங்கள் கணினி 3.5 என்று சொல்லும், பிழைச்செய்தி எதுவும் வராது. பழைய விடை வேண்டுமென்றால் வகுத்தல் கோட்டை இரண்டு தரம் போடவேண்டும்.

அந்தப் புத்தகத்தின் முதல் பாதியை, மாறி, நிபந்தனை, மீள்செயல், பட்டியல் வரை, தாராளமாகப் படிக்கலாம், ஒவ்வொரு மாற்றத்தையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு. இணையம், தரவுத்தளம் பற்றிய பின் அத்தியாயங்களைத் தொடவேண்டாம். காக்காவிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓரமெல்லாம் எழுதியிருக்கும், ஏசினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: பைத்தன் படித்து முடிக்க எத்தனை நாள்? 21 நாள் என்கிறார்கள், 90 நாள் என்கிறார்கள். (ஏறாவூர்)

பதில்: மூன்றரை மாத நெல்லை விதைத்து வெட்டுகிற காலம். அதுவும் தினமும் வட்டைக்குப் போனால்.

கேள்வி: நான் தமிழ்மொழி மூலம் படித்தவள், இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். வீட்டிலிருந்து ஏதாவது வேலை செய்யலாம் என்று நிரலாக்கம் படிக்க ஆசை. நல்ல புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் ஒன்று வாங்கினேன், இந்தியாவிலிருந்து வந்தது, அதில் உள்ள சொற்கள் நான் பள்ளியில் படித்த சொற்களாக இல்லை, அதனால் இரண்டும் விளங்காமல் போய்விட்டது. ஆங்கிலம் படித்துவிட்டு வருவதா? (அக்கரைப்பற்று)

பதில்: காத்திருக்க வேண்டாம். சொற்கள் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, இதை யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. நாம் செய்நிரல் என்போம், அங்கே நிரல். நாம் பாய்ச்சற் கோட்டுப்படம் என்று படித்தோம், தமிழ்நாட்டுப் பாடநூலில் அது பாய்வுப்படம். ஃபங்ஷனை நாம் சார்பு என்போம், அவர்கள் செயற்கூறு என்பார்கள். இரண்டிலும் பிழையில்லை. ஒரு கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி போட்டு, ஆங்கிலச் சொல், நம் சொல், அவர்கள் சொல் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். 60, 70 சொல் சேர்ந்ததும் பிறகு புதிதாக வருவது குறைந்துவிடும்.

ஆங்கிலப் புத்தகத்துக்கும் அதே கதைதான். பைத்தன் மொழி தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தம் 35. இஃப், எல்ஸ், ஃபோர், வைல் போன்ற சின்னச் சொற்கள்தான் அவற்றில் முக்கால்வாசி. புத்தகத்தின் விளக்க ஆங்கிலமும் நாவல் ஆங்கிலம் கிடையாது, அதே இருநூறு முந்நூறு சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டு எழுதுவார்கள். முதல் 40 பக்கம் அகராதியோடு மல்லுக்கட்டவேண்டும், பொய் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு லேசாகும்.

இன்னொன்று, மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தன் 3 அதை ஏற்கும். விலை என்று ஒரு மாறி, தொகை என்று ஒரு மாறி, விலை = 250 என்று எழுதி ஓட்டினால் ஓடும். வேலைக்குப் போகிற இடத்தில் இப்படி எழுதமுடியாதுதான், ஆனால் படிக்கிற காலத்தில் எது மொழியின் சொல், எது நாமாக வைத்த பெயர் என்று கண்ணிலேயே பிரிந்து தெரியும். புதியவர்கள் குழம்புகிற பெரிய இடம் அது.

தமிழோடு விளையாட ஒரு சங்கதி தருகிறேன், பென்சிலை எடுங்கள். உங்கள் ஊரின் பெயர் அக்கரைப்பற்று. எத்தனை எழுத்து? அ, க், க, ரை, ப், ப, ற், று, எட்டு. பைத்தனிடம் லென் என்ற கட்டளையால் கேட்டால் 13 என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் புள்ளி தனியாக ஒரு குறி, ஐகாரக் கொம்பு தனி, உகரமும் தனி. மூன்று புள்ளி, ஒரு ஐகாரம், ஒரு உகரம், ஆக ஐந்து கூடிவிட்டது. சரத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லும் பயிற்சி எல்லாப் புத்தகத்திலும் வரும், அதற்கு ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக "அம்மா" கொடுத்துப் பாருங்கள். கால் முன்னுக்கு வந்து, பிடிக்க எழுத்தில்லாமல் தொங்கும். இதை எப்படிச் சரியாகத் திருப்புவது என்று எந்த ஆங்கிலப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லித்தராது. நீங்களே செய்து அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.

கேள்வி: பிடிஎஃப் புத்தகத்திலிருந்து செய்நிரலை வெட்டி ஒட்டினால் செல்லாத எழுத்து என்று வருகிறது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. (செங்கலடி)

பதில்: மேற்கோள் குறியைப் பாருங்கள். புத்தகம் அச்சிடுகிறவர்கள் அழகுக்காக வளைந்த மேற்கோள் குறி போடுவார்கள், கணினி மொழிக்கு நேரான குறிதான் தெரியும். கழித்தல் குறியும் சிலவேளை நீளக் கோடாக மாறியிருக்கும். வரியின் தொடக்கத்து இடைவெளிகளும் கலைந்திருக்கும், பைத்தனில் அது இன்னும் மோசம், ஏனென்றால் எந்தெந்த வரி ஒரே தொகுதி என்று காட்ட பாஸ்கலில் பிகின், என்ட் செய்கிற வேலையை இங்கே அந்த இடைவெளிதான் செய்கிறது. நான்கு இடைவெளி என்பது வழக்கம். வெட்டி ஒட்டாமல் கையால் அடியுங்கள். பிழை வரத்தான் செய்யும், அந்தப் பிழைக்காகத்தான் அடிக்கச் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் உயர்தரத்தில் ஐசிடி எடுத்திருக்கிறான். வீட்டில் கணினி இல்லை, இப்போதைக்கு வாங்கவும் வழியில்லை. என் போன் மட்டும்தான். புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்தால் தேறுவானா, பாடத்தை மாற்றச் சொல்லவா? எனக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. (கொக்கட்டிச்சோலை, ஒரு தாய்)

பதில்: மாற்றச் சொல்லாதீர்கள் அம்மா.

என் கதை ஒன்று. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் அப்போது ஒரு புது மொழி படிக்கவேண்டிய கட்டாயத்தில் இருந்தேன், வேலைக்காக. லப்டொப்பின் பற்றரி செத்து ஒரு வருடம், வயரைக் கழற்றினால் அணைந்துவிடும். கல்லடியில், வாவிப் பக்கக் காற்றுக்கு மெழுகுதிரி நிற்காது, ரோச் லைட்டைச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு புத்தகமும் கொப்பியுமாக இருந்தேன். ஓட்டிப் பார்க்க வழியில்லாததால், ஒவ்வொரு செய்நிரலையும் நானே கணினியாக மாறி ஓட்டவேண்டியதாயிற்று. கரண்ட் வந்ததும் ஓடிப்போய் சரிபார்ப்பேன். பாதி பிழையாக இருக்கும். அந்த மொழி எனக்குத் தெரிந்த அளவுக்கு, கரண்ட் நன்றாக இருந்த காலத்தில் படித்த மற்ற மொழிகள் தெரியாது. மின்வெட்டுக்கு நன்றி சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம், வியர்த்து வழிந்தது இன்னும் மறக்கவில்லை.

மகன் செய்யவேண்டியது இதுதான். செய்நிரலில் எத்தனை மாறி இருக்கிறதோ மேலிருந்து கீழாக அத்தனை பத்தி கொண்ட ஒரு அட்டவணை கீறவேண்டும். உதாரணமாக, கூட்டு என்ற மாறி 0இல் தொடங்குகிறது, எண் என்ற மாறி 1 முதல் 4 வரை போகிறது, ஒவ்வொரு தரமும் எண்ணைக் கூட்டோடு சேர்க்கிறது. எண் 1 ஆகும்போது கூட்டு 1, எண் 2 ஆகும்போது 3, பிறகு 6, பிறகு 10. ஒவ்வொரு வரியாக எழுதி, பழைய பெறுமானத்தை அழிக்காமல் ஒரு கோடு இழுத்து வெட்டிவிட்டுப் புதியதை எழுதவேண்டும், பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். பரீட்சைத் தாளிலும் செய்நிரலைக் கொடுத்து வெளியீடு என்ன என்று கேட்பார்கள், மண்டபத்தில் கணினி இருக்காது. ஆக அவன் படிக்கிற முறை பரீட்சைக்கு ஒத்ததுதான்.

உங்கள் போனில், ஆண்ட்ராய்டு என்றால், பைத்தன் ஓட்டும் இலவசச் செயலிகள் உண்டு. ஒரு தரம் பதிவிறக்கினால் டேட்டா இல்லாமலும் ஓடுகிறவற்றைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பின்னேரம் அரை மணி நேரம் போனைக் கொடுத்தால் போதும், சரிபார்க்க மட்டும். உங்களுக்குக் கணினி தெரியாது என்கிறீர்கள், ஆனாலும் நீங்களே மேற்பார்வை செய்யலாம். போனைக் கையில் கொடுக்குமுன் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். விடை பென்சிலால் எழுதியிருந்தால்தான் போன். எழுதியது சரியா பிழையா என்பதை போன் சொல்லிவிடும்.

கேள்வி: மொத்தமான புத்தகம் வாங்குவதா, மெல்லியதா? (திருக்கோவில்)

பதில்: சி மொழிக்கு, அந்த மொழியைச் செய்த டெனிஸ் ரிச்சியும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து 1978இல் எழுதிய புத்தகம் 300 பக்கம்கூட இல்லை. அதை வைத்து ஒரு தலைமுறையே சி படித்தது. ஆகவே புத்தகம் மொத்தமாக இருப்பதில் ஒன்றும் இல்லை. ஆயிரம் பக்கப் புத்தகங்களில் பாதி, எந்த பட்டனை எங்கே அமத்துவது என்ற திரைப் படங்கள், அடுத்த வருடம் அந்த பட்டனே இருக்காது. கடையில் நின்றபடி நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசியுங்கள், அத்தியாய முடிவில் பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி இல்லாத புத்தகத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கவேண்டாம்.

கேள்வி: பயிற்சிகள் இருக்கின்றன, விடைகள் இல்லை. நான் எழுதியது சரியா என்று யாரிடம் கேட்பது? எங்கள் ஊரில் இது தெரிந்த ஆளே இல்லை. (வாகரை)

பதில்: விடை ஏற்கெனவே தெரிந்த எண்களைக் கொடுத்துக் கேளுங்கள், செய்நிரல் தானே காட்டிக்கொடுக்கும். ஒரு வருடம் நெட்டாண்டா, அதாவது பெப்ரவரியில் 29 நாள் வருமா என்று கண்டுபிடிக்கும் பயிற்சி எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பெரும்பாலானோர் 2024 கொடுத்து, நெட்டாண்டு என்று வந்ததும் எழும்பிப் போய்விடுவார்கள். 2023 கொடுங்கள், வரக்கூடாது. 1900 கொடுங்கள். நான்கால் வகுபடும், ஆனால் நெட்டாண்டு இல்லை, நூறால் வகுபடுவதால். 2000 கொடுங்கள். நூறால் வகுபட்டாலும் அது நெட்டாண்டு, நானூறால் வகுபடுவதால். இந்த நான்கும் சரியென்றால் உங்கள் செய்நிரல் அநேகமாகச் சரி. நான்கு எண்ணையும் செய்நிரல் எழுதுமுன்னரே, விடையோடு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு எழுதினால், வந்த விடைக்கு ஏற்ற மாதிரி மனம் நியாயம் தேடும். என் மனம் தேடும், உங்களுடையது எப்படியோ.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ஜாவா படித்து முடித்துவிட்டேன், ஓரளவு நன்றாகவே வரும். இப்போது ரஸ்ட் படிக்கிறேன். முதல் மூன்று அத்தியாயத்தை ஒரே இரவில் தட்டித் தாண்டினேன், எல்லாம் தெரிந்ததாகவே இருந்தது. நான்காவதில் கம்பைலர் (செய்நிரலைச் சரிபார்த்துக் கணினிக்கு மொழிபெயர்ப்பது) நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் மறுக்கிறது. (ஒலுவில்)

பதில்: தம்பி, தெரிந்தது மாதிரி இருப்பதுதான் இரண்டாவது மொழி படிப்பவருக்கு ஆபத்து. ரஸ்ட்டைச் செய்தவர்களே இலவசமாக வைத்திருக்கும் புத்தகத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதில் 4ஆம் அத்தியாயம் உரிமை பற்றியது. ஜாவாவில் அப்படி ஒன்று கிடையாது, ஆகவே நீங்கள் கொண்டுவந்த பை அங்கே வெறும் பை.

நம் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம், இல்லையா? உறுதி (சொத்துப் பத்திரம்) எழுதிக் கொடுத்த பிறகு அதே வீட்டை நீங்கள் ஈடு வைக்கப் போனால் நொத்தாரிசு என்ன சொல்வார்? ரஸ்ட் கம்பைலர் அந்த நொத்தாரிசுதான். ஒரு மாறியில் இருந்த சரத்தை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் உறுதி கைமாறிவிட்டது, பழைய மாறியைப் பிறகு தொடவிடமாட்டார். ஜாவாவில் என்றால் இரண்டு பெயரும் ஒரே வீட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும், யார் எப்போது சுவரை உடைத்தார் என்று தேடி நாம் அலைவோம். எண்கள் போன்ற சின்னப் பொருட்களுக்கு ரஸ்ட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, அவை நகலாகிவிடும். அதனால்தான் முதல் மூன்று அத்தியாயத்தில் எண்களோடு விளையாடியபோது உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்போ மகளின் வீட்டுக்குள் நாம் போகவே முடியாதா என்றால், திறப்பை இரவல் வாங்கிப் போகலாம். புத்தகம் அதைக் கடன் வாங்குதல் என்று சொல்லும். சும்மா பார்க்கப் போகிறவர்கள் எத்தனை பேரும் ஒரே நேரத்தில் போகலாம். சுவரை இடித்துத் திருத்தப் போகிறவர் என்றால் ஒருவர்தான், அவர் உள்ளே நிற்கும்வரை வேறு ஒருவருக்கும் திறப்பு இல்லை. இந்த இரண்டு விதியைத் தாளில் எழுதி மேசைக்கு முன் ஒட்டுங்கள். அந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு உதாரணத்துக்கும், ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் உறுதி இப்போது யார் பேரில் என்று பென்சிலால் எழுதிவிட்டு, கம்பைலர் விடுமா விடாதா என்று ஊகித்துவிட்டு, மறுகா ஓட்டுங்கள். ஒரு இரவில் முடியாது. ஒரு கிழமை கொடுங்கள்.

முதல் மூன்று அத்தியாயத்தையும் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள், ஜாவாவோடு ஒத்துப்போகாத இடங்களை மட்டும் தேடி. மாறிகள் இயல்பாகவே மாறாதவை என்று அங்கே ஒரு வரி இருந்திருக்கும், தட்டித் தாண்டியதில் அதுவும் போயிருக்கும்.

கேள்வி: ஏஐ இருக்கிற காலத்தில் புத்தகம் வாங்கிப் படிக்கச் சொல்கிறீர்களே, சேர்? கேட்டால் ஒரு நிமிடத்தில் முழுச் செய்நிரலும் தருகிறது. (காத்தான்குடி)

பதில்: தருகிறது, நானும் தினமும் பாவிக்கிறேன். அது தந்த செய்நிரல் 4025 மூடை என்று அச்சிட்டால், பிழை என்று உங்களுக்குத் தெரியவேண்டும் இல்லையா? அதற்கு 65 என்று முன்னரே ஒரு கொப்பியில் எழுதியிருக்கவேண்டும். புத்தகத்தில் ஒரு பந்தி விளங்காவிட்டால் அதனிடம் கேளுங்கள், வேறு உதாரணம் கேளுங்கள், நீங்கள் எழுதியதைக் கொடுத்து எங்கே பிழை என்று கேளுங்கள். பயிற்சியைச் செய்துதரும்படி மட்டும் கேட்கவேண்டாம். ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு, பாரம் தூக்க ஆள் பிடிக்கிற மாதிரி.

கேள்வி: போன இதழில், பைத்தனில் ரேஞ்ச் என்று 1, 10 கொடுத்தால் 1 முதல் 10 வரை அச்சிடும் என்று எழுதியிருந்தீர்கள். என்னுடையது 9இல் நின்றுவிடுகிறது. கணினியில் ஏதாவது கோளாறா? (வாழைச்சேனை)

பதில்: கணினியில் கோளாறு இல்லை. 9 வரைதான் வரும், கடைசி எண்ணைச் சேர்க்காது. 10 வரை வேண்டுமென்றால் 11 கொடுக்கவேண்டும். பாஸ்கல் ஞாபகத்தில், ஓட்டிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.